நாடி பிடித்த ஆசாரியர்

மலர்க் குழு நண்பர்கள் இந்த வருடம் கட்டுரை கேட்டபோதே ஒரு நிபந்தனை போட்டுவிட்டார்கள். மெஸ் சாம்பார், கரையான்சாவடி ஸ்டாப்பில் பஸ்ஸுக்கு நின்றது, அரியர் எழுதியது இதெல்லாம் வேண்டாம், போன மலர்களில் நிறைய வந்துவிட்டது. படிக்கிற தம்பி தங்கைகளுக்கும் பிரயோஜனப்படுகிற மாதிரி ஒரு பெரியவரின் வாழ்க்கையை எழுது என்றார்கள். விஞ்ஞானி யாரையாவது எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். நான் தேர்ந்தெடுத்தது ஒரு யோகாசிரியரை. பெயர் திருமலை கிருஷ்ணமாச்சாரியார். 1888ல் பிறந்து, நூறு வயதைப் பார்த்துவிட்டு, 1989ல் நம் சென்னையில் காலமானவர்.

யோகாசிரியருக்கும் இன்ஜினியருக்கும் என்ன சம்பந்தம் என்று சீனியர்கள் புருவத்தை உயர்த்தலாம். சம்பந்தம் இருக்கிறது. நான் படித்தது கருவியியல். ஒரு மெஷின் தானாக ஓடுகிறதா, ஆள் வைத்து ஓட்டுகிறார்களா, மீட்டர் காட்டுவது நிஜமா பொய்யா என்று பார்ப்பதுதான் அம்பத்தூரில் என் பிழைப்பு. இந்தப் பெரியவரோ தன் இதயத்தைத் தன் இஷ்டப்படி நிறுத்துவார் என்று பேசப்பட்டவர். அவர் உடம்பில் இரண்டு முறை கருவிகளை மாட்டிப் பார்த்தார்கள், 1935ல் ஒரு முறை, 1957ல் ஒரு முறை. அந்தக் கருவிகள் என்ன சொல்லின, அந்த வித்தைக்கு அவர் தம் வாழ்க்கையில் எவ்வளவு இடம் கொடுத்தார் என்பதுதான் இந்தக் கட்டுரை.

ஆட்டோவும் மேனுவலும்

முதலில் கொஞ்சம் பாடம். பயப்பட வேண்டாம், பரீட்சை கிடையாது.

கரையான்சாவடி சந்திப்பில் ரோடு கிராஸ் பண்ணுகிறீர்கள். ஆவடி ரோட்டிலிருந்து திரும்புகிற லாரி ஒன்று காதுக்குப் பக்கத்தில் ஹார்ன் அடிக்கிறது. நீங்கள் யோசிப்பதற்கு முன்னாலேயே நெஞ்சு படபடக்கிறது, கண்ணின் பாவை விரிகிறது, உள்ளங்கை வியர்க்கிறது, ஜீரண வேலை மந்தமாகிறது, ரத்தம் கால் தசைகளுக்குத் திரும்புகிறது. ஒரே தாவலில் இந்தப் பக்கம் வந்துவிடுகிறீர்கள். இதில் எதற்கும் நீங்கள் ஆர்டர் போடவில்லை. போட்டது பரிவு நரம்பு மண்டலம். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பாதி கிளாஸ் காலியாவதற்குள் நெஞ்சு அடங்குகிறது, வாயில் எச்சில் ஊறுகிறது, வயிறு தன் வேலையைத் தொடர்கிறது. அது எதிர்ப்பரிவு நரம்பு மண்டலத்தின் கைங்கரியம். இரண்டும் சேர்ந்ததுதான் தானியங்கி நரம்பு மண்டலம். கேம்பிரிட்ஜில் இருந்த லாங்லி என்ற உடலியல் அறிஞர் 1898ல் வைத்த பெயர் இது.

இதயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குள்ளேயே ஒரு சின்ன மின் முடிச்சு இருக்கிறது. வெளியிலிருந்து ஒரு நரம்பும் வராவிட்டாலும் அது நிமிடத்துக்குச் சுமார் 100 தடவை தட்டிக்கொண்டிருக்கும். அப்புறம் எப்படி நமக்கெல்லாம் 70, 75 என்று நாடி ஓடுகிறது? மூளைத்தண்டிலிருந்து கழுத்து வழியாக இறங்கும் வேகஸ் என்ற நரம்பு ஓயாமல் லேசாக பிரேக் போட்டுக்கொண்டே இருக்கிறது. மாற்று இதயம் பொருத்தியவர்களுக்கு இந்த நரம்பு அறுபட்டிருப்பதால் சும்மா இருக்கும்போதே இதயம் வேகமாகத் துடிக்கும்.

சென்சாரும் உண்டு. கழுத்து ரத்தக்குழாயிலும், இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய குழாயின் வளைவிலும் அழுத்தத்தை அளக்கும் நரம்பு முனைகள் இருக்கின்றன. அழுத்தம் ஏறினால் முகுளத்துக்குச் செய்தி போகும், வேகஸ் பிரேக்கை அழுத்தும், அழுத்தம் இறங்கும். இறங்கினால் பிரேக் தளர்ந்து, பரிவு நரம்பு ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும். வீட்டு ஓவர்ஹெட் டாங்க்கில் தண்ணீர் குறைந்தால் மோட்டாரைப் போட்டு, நிறைந்தால் நிறுத்தும் ஆட்டோ கன்ட்ரோலர் இருக்கிறதே, அதே தத்துவம். கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பரில் நெகடிவ் ஃபீட்பேக் என்று படித்தோமே, அது நம் கழுத்திலேயே நடந்துகொண்டிருக்கிறது.

பாக்டரி பேனலில் ஆட்டோ, மேனுவல் என்று ஒரு திருகு சுவிட்ச் இருக்கும். இதயத்துக்கு அந்த சுவிட்ச் இல்லை, ஆட்டோ மட்டும்தான். குடலுக்கும் அப்படியே. ரத்தக்குழாய்க்கும் அப்படியே. நம் கிருஷ்ணமாச்சாரியார் இதயத்தின் மேனுவல் சுவிட்சைக் கண்டுபிடித்துவிட்டார் என்பதுதான் ஊர்ப் பேச்சு.

சித்ரதுர்காவிலிருந்து மைசூர்

கர்நாடகத்தில் சித்ரதுர்கா பக்கம் முசுகுந்தபுரம் என்ற சின்ன ஊரில் 1888 நவம்பர் 18ந் தேதி பிறந்தார். வைணவ ஆசாரியர்களில் முதல்வரான நாதமுனிகளின் வம்சம் என்று அவர் குடும்பத்தில் சொல்லிக்கொள்வார்கள். நம் பேட்டைக்காரர்களுக்கு இதில் ஒரு ஒட்டுறவு உண்டு. பூந்தமல்லியில் பிறந்த திருக்கச்சி நம்பியின் ஆசாரியர் ஆளவந்தார். ஆளவந்தாரின் பாட்டனார் அந்த நாதமுனிகள்.

பையனுக்குப் பத்து வயசு இருக்கும்போது அப்பா போய்விட்டார். குடும்பம் மைசூருக்குக் குடிபெயர்ந்தது. அங்கே பரகால மடத்தில் வேதம், சமஸ்கிருதம். பிறகு காசி. தர்க்கம், வியாகரணம், ஆயுர்வேதம் என்று ஒன்றை முடித்து ஒன்றாக வருஷக்கணக்கில் படிப்பு. அதற்கும் மேலே மானசரோவர் பக்கம் போய் ராமமோகன பிரம்மச்சாரி என்ற குருவிடம் ஏழரை வருஷம் யோகம் கற்றதாக அவரே சொல்லியிருக்கிறார். கல்யாணம் பண்ணிக்கொண்டு குடும்பஸ்தனாக இருந்து யோகத்தைக் கற்பிக்க வேண்டும் என்பது குரு கேட்ட தட்சிணையாம்.

தட்சிணை சுலபமானதாக இல்லை. 1925ல் நாமகிரி அம்மாளைக் கல்யாணம் செய்துகொண்டார். யோகத்தால் சோறு கிடைக்காத காலம். அத்தனை சாஸ்திரம் படித்தவர் ஹாசன் பக்கம் காப்பித் தோட்டத்தில் மேற்பார்வை வேலைக்குப் போனார். டிகிரி வாங்கிவிட்டு சம்பந்தமில்லாத வேலையில் இருக்கும் தம்பிகள் இதைக் கவனிக்கவும்.

மைசூர் மகாராஜா நாலாம் கிருஷ்ணராஜ உடையார் அவரைக் கூப்பிட்டுக்கொண்டதும் காலம் மாறியது. 1933ல் ஜகன்மோகன் அரண்மனையின் ஒரு பகுதியில் யோகசாலை ஆரம்பமானது. 1934ல் யோக மகரந்தம் என்ற கன்னடப் புத்தகம் வந்தது. அங்கே அவரிடம் படித்தவர்கள்தான் பிற்பாடு யோகத்தை உலகம் முழுக்கக் கொண்டுபோனார்கள். மைத்துனர் பி.கே.எஸ். அய்யங்கார், நோஞ்சானாக வந்து சேர்ந்த பையன். பட்டாபி ஜோயிஸ், ஹாசனிலேயே அவரைப் பிடித்துக்கொண்டவர். ரீகா நகரில் பிறந்த இந்திரா தேவி 1937ல் வந்தபோது வெளிநாட்டுப் பெண் என்று முதலில் மறுத்தார். மகாராஜா சொன்ன பிறகு சேர்த்துக்கொண்டார். அந்த அம்மாள் பின்னால் ஹாலிவுட்டில் யோகப் பள்ளி நடத்தினார்.

ஆனால் அரண்மனைச் சம்பளத்துக்கு ஒரு விலை இருந்தது. யோகத்தில் ஜனங்களுக்கு நம்பிக்கை வர வேண்டும் என்பதற்காக ஊர் ஊராகப் போய்க் காட்சி நடத்த வேண்டும். ஓடுகிற காரைக் கையால் நிறுத்துவது, கனமான சாமானைப் பல்லால் தூக்குவது, கடினமான ஆசனங்கள், எல்லாவற்றுக்கும் மேலே நாடியை நிறுத்துவது. டாக்டர் வந்து மணிக்கட்டைப் பிடிப்பார். நாடி மங்கும், மறையும். கூட்டம் வாயடைத்துப் போகும். சர்க்கஸ் மாதிரி இருக்கிறதே என்று இன்று நமக்குத் தோன்றலாம். ஆனால் யோகம் என்றால் பிச்சைக்காரச் சாமியார் சமாசாரம் என்று படித்தவர்கள் ஒதுக்கிய காலம் அது. அவர்களைத் திரும்பிப் பார்க்க வைக்க அந்தக் காட்சி தேவைப்பட்டது.

மீட்டர் என்ன சொன்னது

1935ல் தெரேஸ் புரோஸ் என்ற பிரெஞ்சு இதய நிபுணர், ஒரு பெண்மணி, கையோடு எடுத்துச் செல்லும் இ.சி.ஜி. கருவியுடன் இந்தியா வந்தார். பல யோகிகளைப் பதிவு செய்தார், அவர்களில் கிருஷ்ணமாச்சாரியாரும் ஒருவர். 1936ல் பாரிஸ் மருத்துவ இதழில் வெளியான பதிவு ஒன்றில் இதயத்தின் மின் அலை சின்னதாகிச் சின்னதாகிக் கிட்டத்தட்ட தட்டைக் கோடாகவே போயிருந்தது. யோகி இதயத்தை நிறுத்தினார் என்ற செய்தி இறக்கை கட்டிப் பறந்தது.

இருபது வருஷம் கழித்து, 1957ல், இன்னொரு குழு. கலிபோர்னியாவிலிருந்து வெங்கர், மிச்சிகனிலிருந்து பாக்சி, டெல்லி எய்ம்ஸின் உடலியல் துறையிலிருந்து பி.கே. ஆனந்த். இதயத்தை நிறுத்தவோ குறைக்கவோ முடியும் என்று சொல்லப்பட்ட நாலு பேரைச் சோதித்தார்கள். புரோஸ் சோதித்த அதே கிருஷ்ணமாச்சாரியார் அதற்குள் சென்னைக்கு வந்துவிட்டிருந்தார். எழுபதை நெருங்கும் வயசு. தயக்கத்தோடுதான் ஒத்துக்கொண்டார். 1961ல் அமெரிக்க இதயவியல் இதழில் முடிவுகள் வெளியாயின.

முடிவு இதுதான். நாலு பேரில் ஒருவரும் இதயத்தை நிறுத்தவில்லை. மணிக்கட்டில் நாடி மறைந்தது உண்மை. ஸ்டெதஸ்கோப்பில் இதயச் சத்தம் கேட்காமல் போனதும் உண்மை. ஆனால் இ.சி.ஜி. கோடு அலை அலையாக ஓடிக்கொண்டே இருந்தது. விரல் நுனியில் மாட்டிய நுட்பமான கருவியும் நாடி இருப்பதைக் காட்டியது.

அப்படியானால் மணிக்கட்டில் அது எங்கே போயிற்று? மூச்சை இழுத்து, தொண்டையை அடைத்து, மார்பையும் வயிற்றையும் இறுக்கினால் நெஞ்சுக்கூட்டுக்குள் அழுத்தம் ஏறுகிறது. வெளியிலிருந்து இதயத்துக்குத் திரும்பி வரும் ரத்தம் உள்ளே நுழைய முடியாமல் குறைகிறது. பம்ப் ஓடுகிறது, சக்ஷன் லைனில் தண்ணீர் இல்லை. அப்புறம் டெலிவரியில் எப்படிப் பிரஷர் வரும்? நாடி நூலாகி, தொட்டால் தெரியாத அளவுக்குப் போய்விடுகிறது. இறுகின தசைகளின் இரைச்சலில் இதயச் சத்தமும் அமுங்குகிறது. மருத்துவர்கள் இந்தச் செய்கைக்கு வல்சால்வா என்று பெயர் வைத்திருக்கிறார்கள், 17ஆம் நூற்றாண்டில் பிறந்த ஓர் இத்தாலிய உடற்கூறு அறிஞரின் பெயர். இதில் பெரிய வேடிக்கை, இப்படி இறுக்கிப் பிடிக்கும்போது ரத்த அழுத்தம் இறங்குவதைக் கழுத்து சென்சார் உணர்ந்து, பரிவு நரம்பு இதயத்தை விரட்டுகிறது. வெளியே நாடி நின்றுவிட்டதாகக் கூட்டம் கைதட்டும்போது உள்ளே இதயம் முன்னைவிட வேகமாக ஓடுகிறது. ஆட்டோ கன்ட்ரோல் தன் வேலையை விடவே இல்லை.

1935ன் தட்டைக் கோட்டுக்கும் விளக்கம் கிடைத்தது. அது ஒரே லீடில் எடுத்த பதிவு, அதாவது இதயத்தை ஒரே கோணத்திலிருந்து பார்த்தது. உதரவிதானமும் மார்பும் நிலை மாறும்போது இதயத்தின் மின் அச்சும் சாய்கிறது. ஒரு கோணத்தில் அலை சிறுத்துவிடும், இன்னொரு கோணத்தில் பெருத்திருக்கும். டி.வி. ஆன்டெனா காற்றில் திரும்பினால் படம் போய்விடும். ஸ்டேஷன் மூடிவிட்டதாக அர்த்தமில்லை. ஒரே மீட்டரை நம்பி பிளான்ட்டை ஷட்டவுன் என்று எழுதாதே என்று ஜூனியர்களுக்கு நான் சொல்வதும் இதைத்தான்.

இங்கே நிறுத்திவிட்டு, பார்த்தீர்களா, எல்லாம் கண்கட்டு என்று கை தட்டிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. அது அவசர முடிவு. அவர் நூலையோ கம்பியையோ மறைத்து ஏமாற்றவில்லை. மார்பு, வயிறு, தொண்டை என்று தம் கட்டுப்பாட்டில் இருந்த தசைகளைக் கொண்டு, கட்டுப்பாட்டில் இல்லாத ரத்த ஓட்டத்தை அசைத்துக் காட்டினார். எழுபது வயசில் அதைச் செய்ய எத்தனை வருஷப் பயிற்சி வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். அதோடு, விஞ்ஞானி கேட்டபோது கையை நீட்டி எலக்ட்ரோடு மாட்டச் சொன்னார். அளக்க விட மாட்டேன் என்று சொல்கிறவர்களை நிறையப் பார்த்த நமக்கு இது பெரிய குணம்.

சென்னைக் காலம்

அந்த வித்தையை அவரே எவ்வளவு மதித்தார் என்பதற்கு ஒரு சம்பவம் உண்டு. பிற்பாடு மகன் தேசிகாச்சார் நாடி நிறுத்தும் பயிற்சியைச் சொல்லித்தரக் கேட்டபோது மறுத்துவிட்டார். அதனால் சமூகத்துக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை என்பதே அவர் சொன்ன காரணம் என்று குடும்பத்தில் சொல்லியிருக்கிறார்கள். மற்ற எல்லாவற்றையும் கற்றுக்கொடுத்தவர் இதை மட்டும் தம்மோடு வைத்துக்கொண்டார்.

1950ல் மைசூர் யோகசாலை மூடப்பட்டது. மன்னராட்சி போய்விட்டது, ஆதரவும் போய்விட்டது. அறுபது வயசைத் தாண்டிய மனிதர், பெரிய குடும்பம், கையில் வேலை இல்லை. 1952ல் சென்னைக்கு வந்தார். மயிலாப்பூர் விவேகானந்தா கல்லூரியில் யோகம் கற்பித்தார், வீடுகளுக்குப் போய்ச் சொல்லிக்கொடுத்தார். மைசூரில் இளம் பையன்களை வரிசையாக நிறுத்தி வேர்க்க விறுவிறுக்க ஆசனம் போட வைத்த ஆசிரியர், இங்கே ஆளே மாறிப்போனார். வந்தவர்கள் ஆஸ்த்மாக்காரர்கள், தூக்கமில்லாதவர்கள், முதுகுவலிக்காரர்கள், பிரசவம் ஆன பெண்கள், ரிட்டயர் ஆனவர்கள். இவர்களுக்குச் சர்க்கஸ் உதவாது.

ஒருவருக்கு ஒரு நேரத்தில் ஒரு பாடம் என்று வைத்துக்கொண்டார். வயசு, வேலை, வியாதி, வீட்டு நிலைமை எல்லாம் விசாரிப்பார். அப்புறம் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்ப்பார். பயிற்சிக்கு முன்னால் ஒரு தரம், பின்னால் ஒரு தரம். ஆயுர்வேதம் படித்தவர் ஆயிற்றே. நாடி படபடத்தால் பயிற்சி அதிகம், குறைத்துவிடுவார். ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு மூச்சு. கையைத் தூக்கும்போது உள்மூச்சு, குனியும்போது வெளிமூச்சு. மூச்சு திணறினால் ஆசனம் தப்பு, எவ்வளவு அழகாக உடம்பு வளைந்தாலும். தம் நாடியை மறைத்துக் காட்டிப் பேர் வாங்கியவர், அடுத்த முப்பது வருஷம் பிறத்தியார் நாடியைத் தேடிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

நம் கல்லூரிக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம், அந்தத் தேசிகாச்சார் ஒரு இன்ஜினியர். 1938ல் பிறந்தவர். படிப்பை முடித்து, வடக்கே நல்ல வேலை. அப்பாவின் யோகத்தில் அவருக்கு அப்போது அக்கறை கிடையாது. 1960களின் துவக்கத்தில் வேலைக்குப் போகும் முன் சென்னை வீட்டு வாசலில் அவர் ஒரு காட்சி பார்த்தார். பெரிய கார் வந்து நிற்கிறது, ஒரு வெள்ளைக்கார அம்மாள் ஓடி வருகிறார், திருமண் இட்ட ஆசாரசீலரான அப்பாவைத் தெருவென்றும் பாராமல் கட்டிக்கொண்டு நன்றி சொல்கிறார். விசாரித்தால், இருபது வருஷமாக மாத்திரை இல்லாமல் தூங்காதவர், முதல் நாள் ராத்திரி தூங்கியிருக்கிறார். தேசிகாச்சார் வேலையை விட்டுவிட்டு அப்பாவிடம் மாணவனாகச் சேர்ந்தார். இன்ஜினியர் ஆயிற்றே, ஏன், எப்படி என்று கேள்வி கேட்டுக் கேட்டுத்தான் படித்தார். 1976ல் அப்பா பெயரில் கிருஷ்ணமாச்சார்ய யோக மந்திரத்தை ஆரம்பித்தார். 2016ல் காலமானார்.

நாடி நின்றதைப் பார்த்து அந்தப் பிள்ளை வேலையை விடவில்லை. ஒரு அம்மாள் தூங்கினார் என்று கேட்டதும் விட்டார்.

மூச்சு என்ற திருகு சுவிட்ச்

இப்போது பேனலுக்குத் திரும்பி வருவோம். இதயத்துக்கு மேனுவல் இல்லை என்றேன். ஆனால் உயிர் நிலைக்க வேண்டிய வேலைகளில் ஒன்றே ஒன்றுக்கு ஆட்டோ, மேனுவல் இரண்டும் உண்டு. அதுதான் மூச்சு. தூங்கும்போது தானாக ஓடும். விழித்திருக்கும்போது நாமும் ஓட்டலாம், நிறுத்தலாம், நீட்டலாம். ரொம்ப நேரம் நிறுத்தினால் மூளைத்தண்டு நம் கையிலிருந்து பிடுங்கி மறுபடி ஆட்டோவில் போட்டுவிடும்.

இந்த மூச்சும் இதயமும் மூளைத்தண்டில் அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள். மூச்சை உள்ளே இழுக்கும்போது வேகஸ் பிரேக் கொஞ்சம் தளர்கிறது, நாடி வேகமாகிறது. வெளியே விடும்போது பிரேக் அழுந்துகிறது, நாடி மெதுவாகிறது. மணிக்கட்டில் விரல் வைத்து நீளமாக மூச்சு விட்டுப் பாருங்கள், தெரியும். ஹாஸ்டல் தம்பிகளுக்கு நன்றாகவே தெரியும், வயசு ஏற ஏற இந்த வித்தியாசம் மங்கும். இன்று எல்லார் கையிலும் இருக்கும் ஸ்மார்ட் வாட்ச் இந்த ஏற்ற இறக்கத்தைத்தான் கணக்குப் போட்டுக் காட்டுகிறது.

சாதாரணமாக நாம் நிமிடத்துக்கு 12 முதல் 20 மூச்சு விடுகிறோம். அதை ஆறாகக் குறைத்தால், அதாவது ஒரு மூச்சுக்குப் பத்து விநாடி என்று வைத்தால், ரத்த அழுத்தத்தில் இயல்பாகவே பத்து விநாடிக்கு ஒரு முறை வரும் அலையோடு மூச்சு கைகோத்துக்கொள்கிறது. ரெசொனன்ஸ் என்று நாம் படித்த அதே சங்கதி. அழுத்த சென்சாரின் கூர்மை கூடுகிறது. இத்தாலிய ஆராய்ச்சியாளர் பெர்னார்டியும் குழுவினரும் 2001ல் ஒன்று கண்டார்கள்: லத்தீன் ஜெபமாலை சொன்னாலும் திபெத்திய மந்திரம் சொன்னாலும் மூச்சு தானாகவே நிமிடத்துக்கு ஆறு என்ற கணக்குக்கு வந்து நிற்கிறது. கிருஷ்ணமாச்சாரியார் மாணவர்களை எண்ணி மூச்சு விட வைத்ததும், வெளிமூச்சை நீட்டச் சொன்னதும், அவரவர் தெய்வத்தின் பெயரை அவரவர் சொல்லிக்கொள்ளட்டும் என்று விட்டதும் இதோடு பொருந்தித்தான் இருக்கிறது.

1957 குழுவில் இருந்த ஆனந்த், சகாக்களோடு சேர்ந்து 1961ல் இன்னொரு பதிவும் வெளியிட்டார். ராமானந்த யோகி என்பவரைக் காற்றுப் புகாத பெட்டியில் உட்கார வைத்துப் பார்த்தபோது, அவர் உடம்பு ஓய்வில் தேவைப்படும் பிராணவாயுவைவிடக் குறைவாகவே செலவழித்தது. ஆக, உள்ளே இருக்கும் ஆட்டோ சிஸ்டத்தை நாம் உடைத்துக்கொண்டு போக முடியாது. ஆனால் மூச்சு வழியாக அதன் செட்பாயின்ட்டைக் கொஞ்சம் தள்ளலாம். கொஞ்சம்தான்.

அந்தக் கொஞ்சத்தை மறந்தால் என்ன ஆகும்

இந்தக் கட்டுரையை நான் எழுத உண்மையான காரணம் இங்கே இருக்கிறது. கரையான்சாவடியில் எங்கள் தெருவில் ஒரு மாமா. வயசு அறுபத்திரண்டு, பத்து வருஷமாக பி.பி. மாத்திரை. பிராணாயாமம் பண்ணினால் மாத்திரையே வேண்டாம் என்று யாரோ ஒரு வகுப்பில் சொல்லிவிட்டார்கள். யோகிகள் இதயத்தையே நிறுத்தினார்களே, உனக்கு பி.பி. எம்மாத்திரம் என்று உதாரணம் வேறு. மாமா மாத்திரையை நிறுத்தினார். நாலாவது மாசம் ஒரு விடியற்காலை இடது கையும் காலும் விழுந்துவிட்டன. இன்று கம்பு ஊன்றி வாசல் வரைக்கும் வருகிறார். பேச்சு கொஞ்சம் குழறுகிறது. அவர் குற்றம் என்று நான் சொல்ல மாட்டேன். இதயம் நின்றது என்ற பாதிக் கதை 1936லிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது, 1961ல் வந்த மீதிக் கதை எங்கள் தெருவுக்கு வந்து சேரவில்லை.

மெதுவான மூச்சுப் பயிற்சி ரத்த அழுத்தத்தைச் சில புள்ளிகள் குறைக்கிறது என்பது அளந்து பார்த்த விஷயம். மாத்திரையோடு சேர்த்துச் செய்யலாம், மாத்திரைக்குப் பதிலாக அல்ல. மூச்சை அடக்கி இறுக்கும் வேலையை பி.பி., இதய நோய் உள்ளவர்கள் விளையாட்டுக்குக் கூடச் செய்யக் கூடாது. நம் செட்டிலேயே நைட் ஷிப்ட், டெட்லைன், ஈ.எம்.ஐ. என்று முப்பத்தைந்து வயசில் பி.பி. மாத்திரை போடுகிறவர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும். லாரி போய் மணிக்கணக்கான பிறகும் நம் பரிவு நரம்பு ஹார்ன் சத்தத்திலேயே நிற்கிறது. டீக்கடை பெஞ்சில் உட்காரவே நேரமில்லை.

கடைசி வருஷங்கள்

பெரியவர் கடைசிவரை ஆசிரியராகவே இருந்தார். பரகால மடத்துத் தலைமைப் பீடம் தேடி வந்தபோதும் குடும்பத்தை விட்டு வர மாட்டேன் என்று மறுத்தவர் அவர். பெண்களுக்கு வேதம் ஓதச் சொல்லிக்கொடுத்தார். காலத்தோடு சேர்ந்து தாமும் மாறிக்கொண்டே வந்தார். 96 வயசில் இடுப்பு எலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, படுக்கையில் கிடந்தபடியே செய்யக்கூடிய பயிற்சிகளைத் தமக்குத் தாமே வகுத்துக்கொண்டார். 1989 பிப்ரவரி 28ந் தேதி, இதயம் தன் கணக்கை முடித்துக்கொண்டது. நாளைக்கு ஒரு லட்சம் தரம் என்று வைத்தால் நூறு வருஷத்தில் முன்னூற்று அறுபத்தைந்து கோடித் துடிப்பு. அதில் ஒன்றைக்கூட அவர் நிறுத்தவில்லை என்பதுதான் கருவிகளின் சாட்சி. அதனால் அவர் பெருமை ஒரு இம்மியும் குறைந்ததாக எனக்குத் தெரியவில்லை.

படிக்கிற தம்பி தங்கைகளுக்கு இரண்டு வார்த்தை. யார் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் அளந்து பாருங்கள். அளந்த பிறகு, மீட்டரில் வராத வேலையையும் அந்த மனிதர் செய்திருக்கிறாரா என்று தேடுங்கள். பரீட்சை ஹாலில் கொஸ்டின் பேப்பர் கைக்கு வந்ததும் நெஞ்சு அடித்துக்கொள்ளும். அதை நிறுத்தப் பார்க்காதீர்கள், முடியாது. பேனாவைக் கீழே வைத்துவிட்டு, ஆறு எண்ணி மூச்சை வெளியே விடுங்கள். ஐந்தாறு தடவை போதும். அப்புறம் முதல் கேள்வியைப் படியுங்கள்.

சீனியர்கள் மறுசந்திப்பில் கட்டாயம் வந்து கலந்துகொள்ள வேண்டும். பி.பி. மாத்திரை போடுகிறவர்கள் மறக்காமல் அதையும் எடுத்துக்கொண்டு வரவும்.